நாய்க்குட்டி சாக்லேட் தின்னுடுச்சுன்னா குட்டியைப் பாத்து முடிவு பண்ணாதீங்க, கணக்கு போட்டு முடிவு பண்ணுங்க

மூணு மாசக் குட்டி, மூணு கிலோ இருக்கும், டேபிள் மேல வெச்சிருந்த 40 கிராம் சாக்லேட்டை கவரோட சேர்த்துத் தின்னுடுச்சு, ஒரு மணி நேரம் ஆச்சு, இப்ப நல்லா ஓடி ஆடிட்டுத்தான் இருக்கு, வீட்ல உப்புத்தண்ணி குடுத்து வாந்தி எடுக்க வைக்கலாம்னு சொல்றாங்க, பண்ணலாமா இல்ல காலைல வரைக்கும் பாத்துட்டு டாக்டர்கிட்ட போலாமான்னு கேட்டிருக்கீங்க. ரெண்டும் வேணாம். உப்புத்தண்ணி கூடவே கூடாது, காலைல வரைக்கும் காத்திருக்கவும் கூடாது. முதல்ல ஒரு கால்நடை டாக்டருக்கு போன் போடுங்க, லைன் கிடைக்கலன்னா ராத்திரி திறந்திருக்கற ஆஸ்பத்திரி எதுன்னு தேடுங்க, மீதியை போற வழியில படிச்சுக்கலாம்.

நல்லா விளையாடுதேங்கற ஒரு விஷயம்தான் இதுல நிறைய பேரை ஏமாத்துது. சாக்லேட்ல இருக்கற கோகோவுல தியோப்ரோமின்னு ஒண்ணு இருக்கு, கூடவே கொஞ்சம் காஃபின். காஃபின் நமக்குத் தெரிஞ்சதுதான், தியோப்ரோமின் அதுக்கு ஒண்ணுவிட்ட தம்பி மாதிரி. நம்ம உடம்பு அதை 6லேருந்து 10 மணி நேரத்துல பாதியா குறைச்சுடும், நாயோட உடம்புக்கு அதே வேலைக்கு கிட்டத்தட்ட 17 மணி நேரத்துக்கு மேல ஆகும். ரத்தத்துல ஏறுறதும் மெதுவா, இறங்குறதும் மெதுவா. அதனால சாப்பிட்ட முதல் ஒண்ணு ரெண்டு மணி நேரம் குட்டி எப்பவும் போலத்தான் இருக்கும், வாந்தியும் பரபரப்பும் ஆரம்பிக்கவே ரெண்டு மூணு மணி நேரம் ஆகலாம், இதயத்துடிப்பு எகிறுறது, நடுக்கம், வலிப்பு மாதிரி பெரிய பிரச்சனை எல்லாம் பெரும்பாலும் 6லேருந்து 12 மணி நேரத்துக்குள்ளதான் தலை காட்டும். அதாவது குட்டி நல்லா இருக்கற இந்த நேரம்தான் வைத்தியம் ரொம்ப நல்லா வேலை செய்யற நேரம், வயித்துல இருக்கறத வெளிய எடுத்துட்டா கதை அதோட முடிஞ்சுடும். காலைல வரைக்கும் விட்டீங்கன்னா எடுக்க வயித்துல எதுவும் இருக்காது, எல்லாம் ரத்தத்துல இருக்கும், அதுக்குன்னு மாத்து மருந்தும் கிடையாது.

போன்ல டாக்டர் கேக்கப்போறது நாலு விஷயம்: குட்டியோட எடை, என்ன சாக்லேட், எவ்ளோ, எப்போ. நீங்க எழுதினதுல ரெண்டாவது விஷயம் இல்லவே இல்ல, உண்மைல அதுதான் எல்லாத்தையும் முடிவு பண்ணும். கிழிஞ்ச கவரைத் தேடி எடுங்க, சோபாவுக்கு அடியில, குட்டியோட படுக்கையில எங்கயாவது துண்டு துண்டா கிடக்கும், பொறுக்கி ஒட்டிப் பாருங்க, கோகோ எத்தனை சதவீதம், மொத்த எடை எவ்ளோ, வேற என்னென்ன கலந்திருக்குன்னு அதுல இருக்கும், போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க. எடை சரியா தெரியலன்னா, வீட்ல ஆளுங்க ஏறி நிக்கற மெஷின் இருந்தா குட்டியைத் தூக்கிட்டு ஒரு தடவை நில்லுங்க, கீழ விட்டுட்டு ஒரு தடவை நில்லுங்க, கழிச்சா வர்றதுதான் குட்டி எடை. எவ்ளோ தின்னுச்சுன்னு சந்தேகமா இருந்தா, காணாமப் போனது முழுசும் தின்னுடுச்சுன்னே வெச்சுக்கோங்க. வீட்ல ரெண்டு நாய் இருந்தா ஆளுக்குப் பாதின்னு பிரிச்சுக் கணக்கு போடாதீங்க, ஒவ்வொண்ணும் முழுசா தின்னதா நினைச்சுத்தான் கணக்கு போடணும்.

இப்ப கணக்குக்கு வருவோம். ஒரு கிராம் பால் சாக்லேட்ல சுமாரா 2 மி.கி. தியோப்ரோமின், சாதாரண டார்க் சாக்லேட்ல 5 மி.கி., 70 சதவீதத்துக்கு மேல கோகோ இருக்கற கசப்பு டார்க்ல அதை விடவும் கூட, கேக் செய்யறதுக்கு வர்ற சர்க்கரை போடாத பேக்கிங் சாக்லேட்ல 14, 15 மி.கி., கோகோ பவுடர்ல 20 மி.கி.க்கு மேலயும் போகும். வெள்ளை சாக்லேட்ல கிட்டத்தட்ட எதுவுமே இல்ல. நாய் பக்கம் பாத்தா, கிலோவுக்கு 20 மி.கி. சுமார் உள்ள போனா வாந்தி, பேதி, தாகம், நிலைகொள்ளாம அலையறது. 40, 50ல இதயம் பாதிக்க ஆரம்பிக்கும். 60ஐத் தாண்டினா வலிப்பு. 100லேருந்து 200க்குள்ள பாதி நாய்ங்க செத்துப்போற அளவுன்னு சொல்லுவாங்க, ஆனா அதுக்குக் கீழயே செத்த நாய்களும் உண்டு, ஒவ்வொரு நாயோட உடம்பு வாகும் வேற.

உங்க குட்டிக்கே போட்டுப் பாருங்க. 40 கிராம் பால் சாக்லேட்னா 80 மி.கி., மூணு கிலோவால வகுத்தா கிலோவுக்கு 27 மி.கி. கிட்ட, வயித்தைப் புரட்டும், ஒரு ராத்திரி கஷ்டப்படும், டாக்டர் பாக்கணும், ஆனா உயிர் பயம் கம்மி. அதே 40 கிராம் டார்க்னா 200 மி.கி., கிலோவுக்கு 67, நேரா வலிப்பு வர்ற இடத்துல போய் நிக்குது. கவர் வேற கலர், சைஸ் அதே சைஸ்தான். இதே டார்க் பாரை 30 கிலோ நாய் தின்னிருந்தா கிலோவுக்கு 7 மி.கி. கூட வராது, அதனாலதான் "எங்க நாய் ஒரு முழு சாக்லேட் தின்னுச்சு, ஒண்ணும் ஆகல"ன்னு யாராவது சொன்னா அதை உங்க குட்டிக்குப் பொருத்திப் பாக்காதீங்கன்னு சொல்றேன், அவங்க பொய் சொல்லல, அவங்க நாயோட எடை வேற, சாக்லேட் வேற. கோகோ பவுடர் இன்னும் மோசம், ஒரு டேபிள்ஸ்பூன் கொட்டினா ஆறேழு கிராம் வரும், அதை நக்கினாலே மூணு கிலோ குட்டிக்கு கிலோவுக்கு 40 மி.கி. பக்கம் போயிடும். கேக், பிஸ்கட், ஐஸ்க்ரீம்ல எல்லாம் கோகோ எவ்ளோன்னு கண்டுபிடிக்கறது கஷ்டம், ஒரு பிஸ்கட் துண்டுக்கு பயப்பட வேண்டியதில்ல, அரை கேக் தின்னா டாக்டர்கிட்ட கேளுங்க. நான் சொல்ற நம்பர் எல்லாம் தோராயம்தான், கம்பெனிக்குக் கம்பெனி மாறும், கூட இருக்கற காஃபினையும் நான் சேர்க்கல, அதனால எல்லைக்குப் பக்கத்துல வந்தாலே எல்லையைத் தாண்டிட்டதாத்தான் எடுத்துக்கணும்.

உப்புத்தண்ணி ஏன் கூடாதுன்னு சொல்றேன், ஏன்னா இதை நல்ல மனசோட பண்ணி குட்டியைப் பறிகொடுக்கறவங்க இருக்காங்க. ஒரு டீஸ்பூன் உப்பு சுமார் 6 கிராம். மூணு கிலோ குட்டிக்கு அது கிலோவுக்கு 2 கிராம். அந்த அளவுலயே நாய்க்கு உப்பே விஷமா மாற ஆரம்பிக்கும், கிலோவுக்கு 4 கிராம் உயிரையே எடுக்கலாம். முதல் ஸ்பூனுக்கு வாந்தி வரலன்னு இன்னொரு ஸ்பூன் ஊத்துவாங்க பாருங்க, அங்கதான் முடிஞ்சுபோகுது. ரத்தத்துல உப்பு ஏறி மூளை பாதிச்சு வலிப்பு வரும், அப்புறம் அது சாக்லேட்டால வந்த வலிப்பா உப்பால வந்த வலிப்பான்னே பிரிச்சுப் பாக்க முடியாது. பால் சாக்லேட்டுக்கு உப்பு குடுக்கறதுங்கறது வயித்துவலிக்கு விஷம் குடுக்கற கணக்கு, தயவுசெஞ்சு வீட்ல இருக்கற பெரியவங்ககிட்ட இதைக் காட்டுங்க.

தொண்டைக்குள்ள விரல் விடறதும் வேணாம், நாய்க்கு அப்படி வாந்தி வராது, உங்களைக் கடிக்கும், தொண்டை கிழியும். எண்ணெய், கடுகு, சோப்புத்தண்ணி எதுவும் ஊத்தாதீங்க, நுரையீரலுக்குள்ள போயிட்டா நிமோனியா. பால் குடுத்தா விஷம் முறியும்னு ஒரு நம்பிக்கை, முறியாது, குட்டிக்கு பேதிதான் கூடும். அடுப்புக்கரியைப் பொடி பண்ணிக் குடுக்கறதும் பிரயோஜனம் இல்ல, ஆஸ்பத்திரில குடுக்கற ஆக்டிவேட்டட் சார்கோல் வேற பொருள். வாந்தி எடுக்க வைக்க ஹைட்ரஜன் பெராக்ஸைடு குடுக்கலாம்னு எங்கயாவது படிச்சிருப்பீங்க, சில ஊர்ல டாக்டர்களே 3 சதவீத பெராக்ஸைடை நாய்க்குக் குடுக்கச் சொல்றது உண்டுதான், ஆனா அது வயித்தோட உள்சுவரைப் புண்ணாக்கும், அளவு தப்பினா ரத்த வாந்தி வரைக்கும் போகும், அதனால ஆஸ்பத்திரி ரொம்ப தூரம், போன்ல டாக்டர் உங்க குட்டியோட எடைக்கு இவ்ளோ மில்லின்னு சொன்னாருன்னா மட்டும் செய்ங்க, நீங்களா ஆரம்பிக்காதீங்க. ஏற்கனவே நடுங்கிட்டு இருக்கற, தள்ளாடற, மயங்கின குட்டிக்கும், பக் மாதிரி மூக்கு சப்பையான ஜாதிக்கும் வீட்ல வாந்தி எடுக்க வைக்கற பேச்சே இருக்கக் கூடாது. வீட்ல பூனை இருந்தா அதுக்கு பெராக்ஸைடு எந்த நிலைமையிலயும் கூடாது.

தானா வாந்தி எடுத்துடுச்சுன்னா நல்லதுதான், ஆனா எல்லாம் வந்துடுச்சுன்னு முடிவு பண்ணாதீங்க, திரும்ப அதையே நக்காம பாத்துக்கோங்க, ஒரு குச்சியால கிளறிப் பாருங்க, பழுப்பு நிறத்துல பசை மாதிரி இருக்கா, கவர் துண்டு வந்திருக்கான்னு பாத்து ஒரு போட்டோ எடுத்துட்டு கிளம்புங்க.

ஆஸ்பத்திரில என்ன பண்ணுவாங்கன்னு தெரிஞ்சா பதட்டம் கொஞ்சம் குறையும். ரெண்டு மணி நேரத்துக்குள்ள போயிட்டா அபோமார்ஃபின் மாதிரி ஒரு ஊசி போடுவாங்க, சில நிமிஷத்துல வாந்தி வந்துடும். சாக்லேட் வயித்துக்குள்ள உருகி ஒரு உருண்டையா ஒட்டிக்கிட்டு ரொம்ப நேரம் அங்கயே கிடக்கறது உண்டு, அதனால நாலஞ்சு மணி நேரம் ஆயிருந்தாலும் குட்டி தெளிவா இருந்தா முயற்சி பண்ணிப் பாப்பாங்க, லேட் ஆயிடுச்சேன்னு போகாம இருக்காதீங்க. அப்புறம் சார்கோல், இதை சில சமயம் ஒரு தடவைக்கு மேல குடுப்பாங்க, ஏன்னா இந்த தியோப்ரோமின் கல்லீரல் வழியா பித்தத்துல கலந்து மறுபடி குடலுக்கே வந்து மறுபடி ரத்தத்துல ஏறும், ஒவ்வொரு சுத்துலயும் சார்கோல் கொஞ்சத்தைப் பிடிச்சுக்கும். சார்கோல் குடுத்த அப்புறம் மலம் கறுப்பா போகும், பயப்படாதீங்க. ட்ரிப்ஸ் ஏத்துவாங்க, ஈசிஜி பாப்பாங்க, துடிப்பு ரொம்ப எகிறினா அதைக் குறைக்க மருந்து, நடுக்கத்துக்கும் வலிப்புக்கும் டயசிபாம் மாதிரி மருந்து. அடிக்கடி சிறுநீர் கழிக்க வெளிய கூட்டிட்டுப் போவாங்க இல்ல டியூப் போடுவாங்க, இதை நிறைய பேர் சும்மான்னு நினைக்கறாங்க, அப்படி இல்ல, சிறுநீர்ப்பையில தேங்கி நிக்கற தியோப்ரோமின் அதோட சுவர் வழியாவே திரும்ப ரத்தத்துக்குப் போகும், பையை அடிக்கடி காலி பண்றதும் வைத்தியத்துல ஒரு பாகம். குட்டி ஏற்கனவே ஏதாவது மருந்து சாப்பிட்டுட்டு இருந்தா, முக்கியமா ஸ்டீராய்டோ எரித்ரோமைசினோ இருந்தா, கேக்கறதுக்கு முன்னாடியே சொல்லிடுங்க, அதெல்லாம் இது உடம்பை விட்டுப் போறதைத் தாமதப்படுத்தும்.

டாக்டர் கணக்கு போட்டுப் பாத்துட்டு அளவு கம்மி, வீட்லயே வெச்சுப் பாருங்கன்னு சொன்னாருன்னா, அப்ப பாக்கறதுன்னா உண்மையாவே பாக்கணும், ஒரு ராத்திரியாவது ஒருத்தர் முழிச்சிருக்கணும். குட்டி அமைதியா இருக்கும்போதே இடது முன்னங்கால் முழங்கைக்குப் பின்னாடி நெஞ்சுல கையை வெச்சு 15 செகண்ட் எண்ணி நாலால பெருக்கி எழுதி வெச்சுக்கோங்க. குட்டிக்கு பெரிய நாயை விட இயல்பாவே வேகமாத்தான் அடிக்கும், அதனால ஒரு நம்பரை வெச்சுக்கிட்டு பயப்படறதை விட, முதல்ல எண்ணினதை விட ஏறிட்டே போகுதா, இடையில துடிப்பு விட்டு விட்டு அடிக்குதான்னு ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை பாக்கறதுதான் உபயோகம். தூங்க வேண்டிய நேரத்துல தூங்காம சுத்திச் சுத்தி வர்றது, ஓடாமலே மூச்சு வாங்கறது, தண்ணியை விடாம குடிச்சு விடாம ஒண்ணுக்குப் போறது, சின்ன சத்தத்துக்கும் தூக்கிப் போடற மாதிரி திடுக்கிடறது, உடம்பு கொதிக்கறது, காலோ தலையோ வெடவெடன்னு நடுங்கறது, இதுல எது வந்தாலும் திரும்ப போன் பண்ணிட்டு இருக்காதீங்க, தூக்கிட்டு கிளம்புங்க. தண்ணியைப் பக்கத்துல வெச்சிருங்க, பலவந்தமா ஊத்தாதீங்க. சாப்பாட்டை நிறுத்தி வெக்கச் சொன்னா எத்தனை மணி நேரம்னு கேட்டுக்கோங்க, ஏன்னா சின்னக் குட்டிங்களுக்கு ரொம்ப நேரம் வயிறு காலியா இருந்தா சர்க்கரை இறங்கித் துவண்டு போயிடும், பெரிய நாய்க்குச் சொல்ற மாதிரி ஒரு நாள் முழுக்க பட்டினி போடறது குட்டிக்கு ஆகாது.

வலிப்பு வந்துட்டா வாய்க்குள்ள கையோ துணியோ வெக்காதீங்க, நாக்கை முழுங்கிடும்ங்கறது நடக்காத விஷயம். இடிக்கற சாமானை நகத்துங்க, லைட்டை அணைங்க, டிவியை நிறுத்துங்க, எத்தனை நிமிஷம்னு கடிகாரத்தைப் பாருங்க, முடிஞ்சா இன்னொருத்தர் வீடியோ எடுக்கட்டும், கொஞ்சம் அடங்கினதும் ஒரு போர்வைல வெச்சு கிளம்புங்க, அடங்கலன்னா அப்படியே தூக்கிட்டுப் போங்க.

இன்னொரு விஷயம், மூணு மாசக் குட்டிங்கறதால சொல்றேன். தடுப்பூசி முழுசா முடியாத குட்டிக்கு வாந்தியும் பேதியும் வந்தா, அதுவும் ரத்தத்தோட வந்தா, பழியை சாக்லேட் மேல போட்டுட்டு உக்காந்திருக்காதீங்க, பார்வோங்கற வைரஸ் நோயா இருக்கலாம். எந்தெந்த ஊசி எப்பப்ப போட்டதுன்னு எழுதின புத்தகத்தையும் கையோட எடுத்துட்டுப் போங்க.

கவர்ல என்னென்ன கலந்திருக்குன்னு பாக்கச் சொன்னதுக்குக் காரணம் இருக்கு. சர்க்கரை இல்லாத சாக்லேட்னா அதுக்குப் பதிலா சைலிடால்ங்கற இனிப்பு சேர்த்திருக்கான்னு பாருங்க, சில கவர்ல ஈ967னு நம்பரா மட்டும் இருக்கும், பிர்ச் சர்க்கரைன்னும் போட்டிருப்பாங்க. இது சாக்லேட்டை விடப் பெரிய ஆபத்து. கிலோவுக்கு 0.1 கிராம் போனாலே இன்சுலின் கொட்டி ரத்தத்துல சர்க்கரை சரசரன்னு இறங்கும், அரை மணி நேரத்துலயே தள்ளாடி விழலாம், கிலோவுக்கு அரை கிராம் போனா கல்லீரலே பழுதாகலாம். இங்க 6 மணி நேரம், 12 மணி நேரம்ங்கற பேச்செல்லாம் கிடையாது, உடனே ஓடணும். உலர்திராட்சை போட்ட சாக்லேட்னா அது சிறுநீரகத்துக்கு ஆகாது, எந்த அளவு பாதிக்கும்னு நாய்க்கு நாய் மாறும், அதனால கொஞ்சம்தானேன்னு விடக் கூடாது. மகடாமியா கொட்டை பின்னங்காலைத் தளர வைக்கும், காபிக்கொட்டை போட்டதுன்னா காஃபின் கணக்கு தனியா ஏறும். தோட்டத்துல செடிக்கு அடியில கோகோ கொட்டையோட தோலைப் போடறவங்களும் கவனிங்க, அதுலயும் இதே தியோப்ரோமின் இருக்கு, வாசனையும் இழுக்கும்.

உங்க குட்டி கவரையும் சேர்த்துத் தின்னிருக்கு. இந்த ஜிகினாத்தாளும் பிளாஸ்டிக்கும் நிறைய நேரம் மலத்தோட வெளிய வந்துடும், சின்னக் குட்டியோட குடல் குறுகலா இருக்கறதால அடைச்சுக்கவும் வாய்ப்பு இருக்கு, அதனால அடுத்த மூணு நாலு நாள் மலத்தைப் பாருங்க. பால் சாக்லேட், வெள்ளை சாக்லேட்ல தியோப்ரோமின் கம்மின்னாலும் கொழுப்பு ஜாஸ்தி, அந்தக் கொழுப்பால கணையம் வீங்கறது உண்டு, அது அன்னிக்கே தெரியாது, ஒண்ணுலேருந்து மூணு நாள் கழிச்சு, விஷம் எல்லாம் போயிடுச்சுன்னு நீங்க நிம்மதியானதுக்கு அப்புறம் வரும். திரும்ப வாந்தி, சாப்பாட்டைப் பாத்தா மூஞ்சியைத் திருப்பறது, வயித்தைத் தொட்டா கத்தறது, முன்னங்காலை நீட்டி நெஞ்சைத் தரையில வெச்சுக்கிட்டு பின்பக்கத்தை மட்டும் தூக்கி நிக்கறது, மலம் போகாம முக்கறது, இதெல்லாம் பாத்தா சாக்லேட் தின்ன தேதியையும் கவர் தின்னதையும் சொல்லியே டாக்டர்கிட்ட காட்டுங்க, அப்பதான் ஸ்கேனா எக்ஸ்ரேவா ரத்தப் பரிசோதனையான்னு அவர் சீக்கிரம் முடிவு பண்ண முடியும். அதுவரைக்கும் டாக்டர் சொல்ற கொழுப்பு கம்மியான சாப்பாட்டைக் கொஞ்சம் கொஞ்சமா, ஒரு நாளைக்கு நாலஞ்சு தடவையா பிரிச்சுக் குடுங்க.